மலைமேல் கிடக்கும் ஆலைத் தரை

மான்செஸ்டருக்குப் படிக்கப் போகும்போதே அந்த நகரத்தைப் பற்றி என்னிடம் ஒரு கதை தயாராக இருந்தது. நம்மில் பலரிடமும் இருக்கும் கதைதான். இந்திய நெசவாளனின் தறியை நிறுத்திய ஊர். பருத்தியை அள்ளிப்போய்த் துணியாக்கி, பருத்தி விளைந்த ஊரிலேயே கொண்டுவந்து விற்ற ஊர். திருநெல்வேலிப் பருத்தி லிவர்பூல் சந்தையில் தனிப் பெயரோடு விலைபோனது என்பதை எங்கோ படித்து, கட்டுரைக்கு ஆகும் என்று குறித்தும் வைத்திருந்தேன். ஒரு வருடப் படிப்பு. கிடைக்கும் நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து இந்தக் கதைக்கு ஆதாரம் சேர்ப்பது என் திட்டம்.

மலை ஏறுவது திட்டத்தில் இல்லை. அதற்குக் காரணம் ஓல்டாமில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். பேருந்து ஓட்டுகிறவர். தன் பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஊரில எனக்குக் கடல். இஞ்ச கடல் இல்லை, மலைதான் கிடக்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்காவது ஏறிவிடுவார். கோயிலில் அறிமுகமான இரண்டாவது வாரமே, "தம்பி, நல்ல சப்பாத்து இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரே ஒரு ஜோடி கொண்டுவந்தார்.

நாங்கள் போனது கிண்டர் ஸ்கவுட். மான்செஸ்டருக்குக் கிழக்கே 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும் மேட்டுநிலம். உயரம் 636 மீட்டர்தான், நம்முடைய கேமரன் மலையில் பாதிகூட இல்லை. ஆனால் மேலே ஏறினால் உச்சி என்று ஒன்று கிடையாது. தட்டையாக, ஈரமாக, காற்றும் மழையுமாக ஒரு பெரிய மேசை. ஹேஃபீல்ட் கிராமத்தில் இறங்கி, நீர்த்தேக்கத்தைச் சுற்றி, வில்லியம் க்ளஃப் என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியாக ஏறினோம். ஓடைத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பால் ஊற்றாத தேத்தண்ணி. எனக்கு உடனே அப்பா வேலை செய்த தோட்டத்துக் கான் ஞாபகம் வந்தது. கோலா லங்காட் பக்கம், கடலோர எண்ணெய்ப்பனைத் தோட்டம். அங்கேயும் கானில் ஓடும் தண்ணீர் இதே நிறம். 'கம்புட்டுத் தண்ணி' என்போம். கம்புட் மண்ணைத் தமிழில் முற்றா நிலக்கரி என்று அகராதி சொல்கிறது. கரியாகத் தேறாமல் போன ஏதோ ஒன்று என்பதுபோல இருக்கிறது அந்தப் பெயர். எனக்கு ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் பீட் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்கு முடிந்து மேலே வந்ததும் மில் ஹில் என்ற மேட்டை நோக்கி ஒரு கல்பாதை நீளமாகப் போனது. சேற்றின்மேல் வரிசையாகப் பெரிய பெரிய பலகைக் கற்கள். ஒவ்வொன்றும் ஒரு கதவு அளவு. நான் வழுக்கிவிடுவேனோ என்ற பயத்தில் கீழேயே பார்த்து நடந்தேன்.

"தம்பி, நில்லுங்கோ. கால் வைக்கிற கல்லை ஒருக்கால் வடிவாப் பாருங்கோ."

கல்லில் ஓட்டைகள் இருந்தன. வட்டமாக, ஒழுங்கான இடைவெளியில். அடுத்த கல்லிலும் இருந்தன. மழைத்தண்ணீர் நின்று வானம் தெரிந்தது.

"என்னண்ணே இது? கொடி நட்ட ஓட்டையா?"

"மெஷின் பூட்டின ஓட்டை. இது பஞ்சாலைத் தரை."

*

பென்னைன் வே என்பது இங்கிலாந்தின் முதல் நெடும்நடைப்பாதை. 1965ல் திறந்தார்கள். அது இந்த மேட்டுநிலங்களின் முதுகெலும்பின்மேல் போகிறது. நடப்பவர்கள் கூடக்கூட, சேற்றைத் தவிர்க்க ஆளாளுக்கு ஓரமாக ஒதுங்கி நடக்க, பாதை அகன்றுகொண்டே போனது. செடி மிதிபட்டுச் செத்து, சேறு இன்னும் அதிகமாகி, இன்னும் ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். மலைநடை நூல்களால் புகழ்பெற்ற ஆல்ஃப்ரெட் வெயின்ரைட்டே இந்தப் பாதையிலிருக்கும் பிளாக் ஹில்லில் புதைந்து மாட்டிக்கொண்டு, தற்செயலாக வந்தவர் இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிறகு கற்களைப் பதிப்பது என்று முடிவுசெய்தார்கள். அந்தக் காலத்தில் லங்காஷயர் முழுக்கப் பஞ்சாலைகள் மூடி, இடிபட்டுக்கொண்டிருந்தன. இடிந்த ஆலைகளின் தரைக்கற்கள் சும்மா கிடந்தன. அவற்றை வாங்கி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மிதந்து நிற்பதுபோல சேற்றின்மேல் பதிந்துகொண்டன.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கற்களைத் தேர்ந்தெடுத்த காரணம் வெறும் வசதி. மலிவு, உறுதி, பக்கத்தில் கிடைத்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கற்களைச் சுமக்கும் மண்ணுக்கும் அந்த ஆலைகளுக்கும் இருநூறு வருட உறவு இருக்கிறது. அண்ணன் அன்று மேலோட்டமாகச் சொன்னதை நான் பிறகு நூலகத்தில் தேடினேன். நான் சேர்க்க நினைத்த ஆதாரங்கள் அப்படியே அலமாரியில் இருந்தன.

*

பீட் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பாக்னம் என்றொரு பாசி இருக்கிறது. வேர் கிடையாது. மண்ணிலிருந்து அது எதையும் எடுப்பதில்லை, மழையிலிருந்துதான் எல்லாம். தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தண்ணீரையும் புளிப்பாக்கிவிடும். அந்தப் புளித்த, காற்றுப்புகாத ஈரத்தில் செத்த பாசி மக்குவதில்லை. அதன்மேலேயே புதுப் பாசி வளர்கிறது. வருடத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவில் அடுக்கு ஏறும். ஒரு மீட்டர் ஏற ஆயிரம் வருடம். கிண்டரிலும் பக்கத்து ப்ளீக்லோ மேட்டிலும் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் ஆழம் இருக்கிறது. அடிமட்டத்தில் கைவைத்தால் சங்ககாலத்துக்கு வெகுமுன்பே விழுந்த மழையைத் தொடுகிறீர்கள்.

இப்போது அந்த மலைக்கு மேற்கே ஒரு நகரத்தை வையுங்கள். 1780களில் மான்செஸ்டருக்கு நீராவி ஆலை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகருக்குள் மட்டுமே நூறு பஞ்சாலைகளுக்கு மேல். சுற்றியுள்ள ஓல்டாம், ஸ்டாக்போர்ட், கிளாசப் எல்லாம் தனிக்கணக்கு. எல்லாம் நிலக்கரி. அந்த ஊரில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஆலைப்புகை முழுக்கக் கிழக்கே போய் மலையில் முட்டும். மலை மேகத்தை நிறுத்தும். மேகம் மழையாகும். மழையோடு புகையும் இறங்கும். மழையை மட்டுமே குடித்து வாழும் ஒரு பாசியை இந்த இடத்தில் நினைத்துப்பாருங்கள்.

புகை நிறைந்த மழையை முதலில் புட்டியில் பிடித்து ஆராய்ந்தவரும் மான்செஸ்டர்க்காரர்தான். ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், ஸ்காட்லாந்திலிருந்து வந்த வேதியியலாளர். 1852ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் நகருக்கு வெளியே வயல்களில் ஒருவகைக் காற்று, புறநகரில் இன்னொரு வகை, நகருக்குள் கந்தக அமிலம் கலந்த காற்று என்று மூன்றாகப் பிரிக்கிறார். அச்சிட்ட துணிகளின் சாயம் மங்குவதற்கும் இரும்பு துருப்பிடிப்பதற்கும் அந்த அமிலமே காரணம் என்கிறார். துணி செய்யும் புகை துணியின் நிறத்தைத் தின்கிறது. 1872ல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் அமில மழை என்ற சொல் புழக்கத்துக்கு வருகிறது. எனக்கு அமில மழை என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம். 1980களில் ஜெர்மனியில் காடு சாகும் படம் ஒன்று இருக்கும். அந்தச் சொல் விக்டோரியா மகாராணி காலத்துப் பழையது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இன்னொன்றும் இருந்தது. புகை படிந்த மரத்தில் உட்கார்ந்து பறவைக்குத் தப்பிய கறுப்பு அந்துப்பூச்சி. பரிணாமத்துக்கு உதாரணம் சொல்ல எல்லா ஆசிரியர்களும் எடுக்கும் பூச்சி. அதன் கறுப்பு வடிவத்தை 1848ல் பதிவுசெய்ததும் மான்செஸ்டரில்தான். பூச்சிக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை, கறுப்பாக மாறிக்கொண்டது. பாசி மாறவில்லை. செத்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி. பீட் அடுக்கடுக்காக ஏறுவதால் அதுவே ஓலைச்சுவடி. 1960களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஜான் டாலிஸ் இந்த மேட்டுநிலங்களின் பீட்டைத் துளையிட்டு எடுத்துப் படித்தார். கீழ் அடுக்குகளில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு ஸ்பாக்னம் இலைகள் இருக்கின்றன. மேலே வரவர ஓர் இடத்தில் கரித்துகள் தொடங்குகிறது. ஏறக்குறைய அதே மட்டத்தில் ஸ்பாக்னம் காணாமல் போகிறது. அடுக்கு தொடர்கிறது, ஆனால் வேறு செடிகளால். 1980களில் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை செய்தார்கள். காற்று சுத்தமாக இருக்கும் ஊரிலிருந்து ஸ்பாக்னத்தை எடுத்துவந்து இந்த மலைகளில் நட்டுப்பார்த்தார்கள். தேறவில்லை. சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது 1956ல். முப்பது வருடம் கழித்தும் மலை இன்னும் பாசிக்கு ஆகாத இடமாக இருந்தது.

தப்பிப் பிழைத்ததில் முக்கியமானது ஒரு புல். ஜூன் மாதம் அங்கே போனால் மேடு முழுக்க வெள்ளைப் பஞ்சுத் தலையோடு காற்றில் ஆடும். அதன் பெயர் பருத்திப்புல். பெயரை முதலில் கேட்டபோது அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பருத்தி ஆலையின் புகை மற்றதையெல்லாம் கொன்ற இடத்தில் பருத்திப்புல் நின்றது. ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் குழு 'ரொம்பச் செயற்கையாக இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடும்.

பாசி போனால் பீட்டுக்கு மேல் போர்வை இல்லை. மழை அறுக்கும், உறைபனி பொடியாக்கும், கோடையில் காய்ந்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும். கறுப்பு ஓடைப்பிளவுகள் மேட்டை நெடுக்கும் குறுக்கும் வெட்டின. உள்ளூரில் அதை க்ரஃப் என்கிறார்கள். சிலவற்றுக்குள் இறங்கினால் என் தலை வெளியே தெரியாது. மேலடுக்கில் இருநூறு வருடமாகப் படிந்த ஈயமும் அந்த மண்ணோடு சேர்ந்து கீழே நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. ஆலை நின்றுபோன பிறகும் அதன் புகை தண்ணீரில் வந்துகொண்டிருக்கிறது.

*

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற உற்சாகம் எனக்கு. மான்செஸ்டர் இந்திய நெசவாளனுக்குச் செய்ததைத் தன் சொந்த மலைக்கும் செய்தது என்று ஒரு வரி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் டாலிஸையே தொடர்ந்து படித்தால் அந்த வரி அவ்வளவு சுலபமாக நிற்காது. சில பிளவுகள் ஆலைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன என்கிறார் அவர். வறண்ட காலங்கள் வந்துபோயிருக்கின்றன. காட்டுத்தீ, ஆட்டு மந்தை எல்லாம் தம் பங்கைச் செய்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் ஆடுகள் இன்னும் பெருகின. ஆலை செய்தது, காயம் ஆறவிடாமல் செய்தது. அதற்குமுன் பாசி வளர்ந்து பிளவை மூடியிருக்கும். பிறகு மூட ஆள் இல்லை.

இன்னொரு பங்காளியும் உண்டு. இந்த மேடுகள் பெரும்பாலும் க்ரவுஸ் என்ற பறவையை வேட்டையாடும் பிரபுக்களின் சொத்து. வருடத்தில் சில நாட்கள் சுடுவதற்காக மற்ற நாளெல்லாம் காவலாள் வைத்து, நடக்கப்போகிறவனை விரட்டுவார்கள். கிண்டரைச் சுற்றி ஆலைத்தொழிலாளர் நகரங்கள். ஆறு நாள் புகை, ஏழாவது நாள் மலையைப் பார்க்கலாம், ஏற முடியாது. 1932 ஏப்ரல் 24, ஞாயிறு. ஹேஃபீல்டின் போடன் பிரிட்ஜ் கல்குவாரியில் சுமார் 400 பேர் கூடினார்கள். பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் பேசினார். எல்லாரும் வில்லியம் க்ளஃப் வழியாக ஏறினார்கள். நாங்கள் ஏறிய அதே வழி. காவலாட்களோடு கைகலப்பு. இறங்கி வரும்போது ஆறு பேரைப் பிடித்தார்கள், ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் சிறை. அதற்கு ஏழு மாதம் முன்புதான், 1931 செப்டம்பரில், காந்தி லங்காஷயரின் டார்வென் ஊருக்கு வந்திருந்தார். அந்நியத்துணிப் புறக்கணிப்பால் வேலை போனதாகச் சொல்லப்பட்ட அதே ஆலைப்பெண்கள் அவரைச் சுற்றி நின்று கையைத் தூக்கி ஆரவாரம் செய்யும் படம் இருக்கிறது. அந்தப் படம் எனக்கு முன்பே தெரியும். அந்தப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போயிருப்பார்கள் என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

அந்த அத்துமீறல் பிறகு பெரிய கதையானது. 1951ல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. 1982ல் கிண்டரை நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. 2000ல் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமை சட்டமானது. எழுபதாம் ஆண்டு விழாவில், 2002ல், அன்றைய டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார். உரிமை வந்தது. வந்த கால்கள் பாதையை அகலமாக்கின. அதனால் ஆலைக்கல் வந்தது. யாரைத்தான் குறை சொல்வது?

*

அன்று இரவு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். கல்லின் படத்தைக் காட்டினேன். அவருக்குக் கல்லில் ஆர்வமில்லை, பின்னால் தெரிந்த கறுப்பு மண்ணைத்தான் பார்த்தார்.

"அது கம்புட்டு மாதிரில இருக்கு?"

"கம்புட்டுதாம்பா."

"மலையில எப்படிடா கம்புட்டு இருக்கும்?"

நம் ஊரில் அது கடலோரச் சதுப்பில் இருப்பது. அங்கே பாசி இல்லை, ஆயிரக்கணக்கான வருடங்களாக விழுந்த மரமும் இலையும். அப்பா அந்த மண்ணில் இருபது வருடத்துக்கு மேல் கான் வெட்டியவர். முட்டளவுத் தண்ணீரில் நின்று சங்கோல் பிடித்தவர், பிறகு இயந்திரம் வந்ததும் அதற்குப் பின்னால் கரை ஒதுக்கியவர். தண்ணீர் வடிந்தால்தான் செம்பனை நிற்கும். வடிந்தால் மண் இறங்கும். மண் இறங்க இறங்க மரம் சாயும். நாங்கள் சின்ன வயதில் சாய்ந்த மரங்களில் ஏறி விளையாடியது இப்படித்தான். 1997 புகைமூட்டத்தில் தம்பிக்கு இளைப்பு வந்தது. அந்தப் புகையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வடித்துக் காயவைத்த கம்புட். அப்பா தோட்டத்தில் தீ பார்த்திருக்கிறார். "மேல அணைச்சுட்டு வந்துருவோம். ரெண்டு நாள்ல இன்னொரு பக்கம் புகையும். அடியில ஊர்ந்து போவும் அது."

இங்கிலாந்திலும் கான் வெட்டியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். 1960களிலும் 70களிலும் வடக்கு மேட்டுநிலங்களில் ஆட்டுக்கும் க்ரவுஸுக்கும் நல்லது என்று அரசாங்கமே மானியம் கொடுத்து, பீட்டில் கோடுகோடாக வாய்க்கால் வெட்டவைத்தது. நினைத்த நன்மை பெரிதாக வரவில்லை. இப்போது அதே அரசாங்கம் காசு கொடுத்து அடைக்கவைக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "வெட்டவும் கூலி, அடைக்கவும் கூலி. நல்ல வேலைதான்" என்றார்.

*

கிண்டரையும் ப்ளீக்லோவையும் சீரமைக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கியது 2003ல், மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர் என்ற கூட்டமைப்பு உருவானபோது. அதே வருடம் ஏப்ரலில் ப்ளீக்லோவில் பெரிய தீ. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஐரோப்பிய ஒன்றியம் உண்டு, தண்ணீர் நிறுவனங்களும் உண்டு. தண்ணீர் நிறுவனங்கள் புண்ணியத்துக்குச் செய்யவில்லை. தேத்தண்ணி நிறத் தண்ணீரைச் சுத்தப்படுத்த அவர்களுக்கு ஆகும் செலவு அதிகம். மலையைச் சரிசெய்வது மலிவு.

முதல் பிரச்சினை, வெறும் பீட்டில் எதுவும் முளைக்காது. எலுமிச்சைச் சாறுக்குக் கொஞ்சம்தான் கீழே அதன் புளிப்பு. நிலையாகவும் இருக்காது, விதை போட்டால் மழை அடித்துக்கொண்டு போகும். அதனால் வேறு மேடுகளில் ஹெதர் செடியை வெட்டி, பெரிய பைகளில் கட்டி, ஹெலிகாப்டரில் கொண்டுவந்து கையால் பரப்பினார்கள். நம் ஊரில் நாற்றங்காலுக்கு வைக்கோல் பரப்புவதுபோல. பிறகு சுண்ணாம்பு, உரம், புல்விதை. இந்தப் புல் அந்த மலைக்குச் சொந்தமானது அல்ல. இரண்டு மூன்று வருடம் உரம் இருக்கும்வரை வாழ்ந்து, வேரால் மண்ணைப் பிடித்துக்கொண்டு, பிறகு தானாகவே மடிந்து இடம்விடும். அதைச் செவிலிப்புல் என்று மொழிபெயர்க்கலாம். சரிவான கரைகளில் சணல் வலை விரித்தார்கள். சில பிளவுகளில் தென்னைநார் உருளைகளைக் கிடத்தினார்கள். சணலும் தென்னைநாரும் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவை மட்கி மண்ணோடு போய்விடும், அதுதான் வசதி.

பிளவுகளுக்குக் குறுக்கே கல், மரம், பீட் ஆகியவற்றால் சிறுசிறு அடைப்புகள். பெரிய அணை ஒன்று கட்டுவதில்லை. படிக்கட்டுபோல நிறைய. கீழ் அடைப்பில் தேங்கும் தண்ணீர் மேல் அடைப்பின் காலடியைத் தொடவேண்டும், அப்போதுதான் நடுவில் எங்கும் ஓடி அறுக்காது.

கடைசியாகத்தான் பாசி. சுற்றுவட்டாரத்தில் எடுத்துவந்து நடும் அளவுக்கு அது இல்லை. கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கினார்கள். முதலில் ஜவ்வரிசி மாதிரி சின்ன ஜெல் உருண்டைகளுக்குள் பாசித் துணுக்குகளை வைத்துத் தூவிப்பார்த்தார்கள், பிறகு நாற்றுக்கட்டிகளாக நட்டார்கள். காற்றில் கந்தகம் வெகுவாகக் குறைந்துவிட்டதால் இப்போது பிழைக்கிறது. சில பள்ளங்களில் யாரும் நடாமலேயே தலைகாட்டுகிறது. காரும் மாட்டுப்பண்ணையும் விடும் நைட்ரஜன் இன்னும் மழையில் இருக்கிறது, அது வேறு தொல்லை.

பிளாக் ஹில்லுக்கும் ஒருமுறை போனோம். வெயின்ரைட் புதைந்த இடம். கறுப்பாக இருந்ததால் கறுப்பு மலை. படங்களில் அளவைத்தூணைச் சுற்றி ஒரு புல்கூட இல்லாமல் நிலக்கரிக் கிடங்குபோல இருக்கும். நாங்கள் போனபோது தூணைச் சுற்றிப் பச்சை. "இனி இதுக்குப் பேர் மாத்தவேணும்" என்று அங்கே வருகிற எல்லாருமே சொல்வார்களாம். அண்ணனும் சொன்னார்.

ஆனால் பழைய மலை திரும்பிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அறுந்துபோன ஒரு மீட்டர் திரும்ப ஆயிரம் வருடம் வேண்டும். இப்போதைக்கு நடந்திருப்பது இரத்தம் நின்றது மட்டும். முதல் உலகப்போரில் இதே ஸ்பாக்னத்தைக் காயவைத்துப் பஞ்சுக்குப் பதிலாகக் காயங்களில் வைத்துக் கட்டினார்கள். பஞ்சு வெடிமருந்துக்குத் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்தும் டார்ட்மூரிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போனது. உலகத்தின் பஞ்சுத் தலைநகருக்குப் பக்கத்து மலையில் அப்போது அள்ளுவதற்கு அது இல்லை.

*

படிப்பு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், தொண்டர்களோடு ஒருநாள் நடப்போனேன். ஆளுக்கு ஒரு தட்டு பாசிக்கட்டி. ஈரமான இடமாகப் பார்த்து, பருத்திப்புல் தூருக்குப் பக்கத்தில் விரலால் குழி போட்டு, கட்டியை வைத்து, பூட்ஸ் குதிகாலால் மெதுவாக அமுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அரைமணி நேரத்தில் விரல் மரத்துவிடும். என்னோடு நட்டவர்களில் ஒரு கிழவர் இருந்தார். அவருடைய அம்மா ஸ்டாக்போர்ட்டில் நூற்பாலையில் இருந்தவராம். நான் மலேசியா என்றதும், "ரப்பர்?" என்றார். ஆமாம், என் பாட்டி பால்மரம் வெட்டியவர் என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நட்டுக்கொண்டிருந்தோம்.

மதியச் சாப்பாட்டின்போது மேட்டில் சிக்னல் கிடைத்தது. கோலாலம்பூரில் இரவு எட்டு மணி. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

"என்னடா, கூலி எவ்வளவு?"

"கூலி இல்லப்பா. சும்மாதான்."

"வெள்ளைக்காரன்கிட்ட சும்மா வேலையா? ஒங்க தாத்தா கேட்டா அடிப்பாரு."

ஃபோனைத் திருப்பி அடைப்புகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தோட்டத்தில் வெயில் காலத்தில் கானில் மண் மூட்டை அடுக்கித் தண்ணீரை நிறுத்துவார்கள், மரம் காயக்கூடாது என்று. அந்த வேலையையும் அவர் செய்திருக்கிறார்.

"கல்லுலயே போட்டிருக்கான். பரவால்ல. அடுத்தது எங்க இருக்கு?"

கீழே காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டு. அந்தத் தண்ணி ஏறி வந்து இந்த அடைப்போட அடியைத் தொடுதா பாரு. தொடலன்னா நடுவுல அறுத்துரும்."

சேற்றில் இறங்கிப்போய்ப் பார்த்தேன். தொட்டுக்கொண்டிருந்தது.